மாதிரி பாட்டிலில் பாதி யாருக்கு?

போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் மதிற்சுவரை ஒட்டிய குடியிருப்புகளில் அடிபம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். இந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததல்ல என்பதற்கு அது அடையாளம். ஆனால் சாயம் பூசியவர்கள் போதுமான மாற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பூசவில்லை. ஆகவே சிவப்புப் பம்பிலிருந்தே மக்கள் அடித்துக் குடித்தார்கள். அரசு தன் கடமையை ஒரு டப்பா பெயின்டோடு முடித்துக்கொண்டது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நச்சுவாயு கசிந்த கதை நம் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோருக்குத் தெரிந்த கதை டிசம்பர் 3 காலையோடு முடிந்துவிடும். ஆலையின் கழிவு மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, அந்த இரவில் பிறந்தே இராத பிள்ளைகளின் குடத்துக்குள் வந்து சேர்ந்த கதை அதிகம் பேசப்படுவதில்லை. அது வாயுக் கசிவுக்கு முன்பே தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

வாயுவுக்குத் தெருவில் கிடந்த உடல்கள் சாட்சியாக இருந்தன. தண்ணீருக்குச் சாட்சி வேண்டுமென்றால் யாராவது கிணற்றிலிருந்து மாதிரி எடுத்தாக வேண்டும். யார் எடுத்தார்கள், எந்தக் கிணற்றில் எடுத்தார்கள், அதில் எதைத் தேடினார்கள், முடிவை யாரிடம் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளோடு போபாலின் நீர் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். தண்ணீர் பிரச்சினைக்காகப் போகும் நம் இளைஞர்கள் மனு எழுதக் கற்றுக்கொள்கிறார்கள், முழக்கம் எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். ஆய்வறிக்கை ஒன்றை வாங்கி அதன் குறையைச் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்ப இந்தக் கட்டுரை கொஞ்சம் உதவலாம்.

குளங்கள் கசிந்தன

போபால் ஆலை 1969இல் வந்தது. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கையில் 50.9 சதவீதப் பங்கு இருந்தது. செவின் என்ற பூச்சிக்கொல்லிதான் முக்கியத் தயாரிப்பு. கழிவை என்ன செய்வது? ஒரு பகுதியை ஆலை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டினார்கள். திரவக் கழிவுக்காக 1977இல் ஆலைக்கு வடக்கே, சுமார் 400 மீட்டர் தள்ளி, வெயிலில் நீரை ஆவியாக்கும் பெரிய குளங்களை வெட்டினார்கள். மொத்தம் சுமார் 14 ஹெக்டேர். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு. நீர் ஆவியாகும், நஞ்சு விரிப்பின் மேலேயே தங்கும் என்பது திட்டம்.

விரிப்பு தாங்கவில்லை. 1982இலேயே குளம் கசிகிறது, கவலையாக இருக்கிறது என்று போபாலிலிருந்து தாய் நிறுவனத்துக்குத் தந்தி போயிருக்கிறது. வாயு கசிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு! இந்தத் தந்தி பின்னாளில் நியூயார்க் நீதிமன்ற வழக்குகளின் வழியாகத்தான் வெளியே வந்தது.

அதே வழியில் வெளியே வந்த இன்னொரு ஆவணம் இதைவிடக் கொடியது. 1989இல் நிறுவனம் தானே ஆலை வளாகத்துக்குள் மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தது. அந்த நீரில் விட்ட மீன்கள் எல்லாம் செத்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. நீரைப் பல மடங்கு நீர்த்துப்போகச் செய்த பிறகே மீன் பிழைத்தது. இந்த முடிவை நிறுவனம் சுவருக்கு அப்பால் தண்ணீர் அடித்துக் குடித்துக்கொண்டிருந்த மக்களிடம் சொல்லவில்லை. அதே 1989இல்தான் 47 கோடி டாலருக்கு வாயுக் கசிவு வழக்கில் சமரசம் நடந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் யார்? ஜே.பி. நகர், அன்னு நகர், அடல் அயூப் நகர் போன்ற பெயர்களைக் கொண்ட பஸ்திகள். ஏழை முஸ்லிம்கள், தலித்துகள், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். நகரத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு ஆலைச் சுவரோரம் இடம் கிடைத்தது. ஊருக்குள் இடமில்லாதவனுக்கு ஊர்க்கழிவு போகும் திசையில் இடம் கொடுப்பது இந்தியாவுக்குப் புதிய ஏற்பாடு அல்ல. நம் சேரிகள் எந்தத் திசையில் இருக்கின்றன, எந்தத் தாழ்வில் இருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

தண்ணீர் நாறுகிறது என்று முதலில் சொன்னவர்கள் அந்தப் பஸ்திகளின் பெண்கள்தான். நாக்கும் மூக்கும்தான் அங்கே இயங்கிய முதல் ஆய்வுக் கருவிகள். ஆனால் அரசாங்கத்தில் நாக்குக்கு அங்கீகாரம் கிடையாது. முத்திரை போட்ட காகிதம் வேண்டும்.

ஒரு மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பார்த்துவிடுவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போனால் யார் சொன்னது சரி என்று தீர்ப்பதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது.

நஞ்சு இறங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்தில் கண்காணிப்புக் கிணறுகள் போடுவார்கள். இவை குடிப்பதற்கான கிணறுகள் அல்ல. பெரும்பாலும் இரண்டு அங்குலக் குழாய் இறக்கிய துளைகள். நிலத்தடி நீரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல மெதுவாக ஒரு திசையில் நகர்கிறது. அது ஆலைக்குள் நுழையும் பக்கத்தில் குறைந்தது ஒரு கிணறு, வெளியேறும் பக்கத்தில் பல கிணறுகள் வேண்டும். நுழையும்போது சுத்தமாகவும் வெளியேறும்போது நஞ்சோடும் இருந்தால் குற்றவாளி நடுவில் நிற்கிறான் என்று பொருள். எல்லாக் கிணறுகளையும் நீர் நுழையும் பக்கத்திலேயே போட்டுவிட்டு ‘எங்கும் மாசு இல்லை’ என்று எழுதினால் அது பொய்யே இல்லாத பொய்.

அடுத்தது ஆழம். குழாயின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் மட்டும்தான் நீர் உள்ளே வரத் துளைகள் இருக்கும். அந்த ஆழத்து நீரைத்தான் அந்தக் கிணறு பேசும். பெட்ரோல் மாதிரியான பொருள்கள் நீரின்மேல் மிதக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு, டைகுளோரோபென்சீன் போன்ற குளோரின் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை. கார்பன் டெட்ராகுளோரைடின் அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். கசிந்த கரைப்பான் நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, களிமண் அல்லது பாறைமேல் தேங்கி, அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். மேல்மட்டத்தில் துளை வைத்த கிணறு அதைப் பார்க்காமலே போகலாம்.

கிணற்றுக் குழாயில் தேங்கி நிற்கும் நீரை அப்படியே மொண்டு பாட்டிலில் ஊற்றவும் கூடாது. அது பழைய நீர். காற்றோடு கலந்து, ஆவியாகக்கூடியவை போய்விட்ட நீர். முதலில் அதை வெளியேற்ற வேண்டும். இரண்டு அங்குலக் குழாயில் பத்து மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் சுமார் 20 லிட்டர். அதுபோல் மூன்று மடங்கு, அதாவது 60 லிட்டர் வரை இறைத்துவிட்டு எடுப்பது பழைய முறை. நீர்மட்டம் அதிகம் இறங்காதபடி மிக மெதுவாக இறைத்து, வெப்பநிலை, பி.எச், மின்கடத்தல் ஆகியவை மாறாமல் நிலைத்த பிறகு எடுப்பது இப்போதைய முறை. இறைத்த அளவும் அந்த எண்களும் களக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

ஆவியாகும் ரசாயனங்களுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு சிறு குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் தேடும் பொருள் அந்தக் குமிழிக்குள் போய்விடும். பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடி. பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களுக்கு அமிலம் விட்ட பாட்டில். எல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில், 4 டிகிரியில். கூடவே சுத்த நீர் நிரப்பிய ஒரு குப்பியும் போய்த் திரும்பும், வழியில் எதுவும் கலக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக. பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்கு மாறியது என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் இருக்கும். கொலை வழக்கில் கத்திக்கு இருப்பது மாதிரி.

இதில் போபாலுக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே மக்கள் அமைப்புகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அடிபம்புகளும் பொது ஆழ்துளைக் கிணறுகளும்தான். அடிபம்பு நீரைக் கலக்கி, உறிஞ்சி, தெளித்துக் கொடுக்கிறது. அந்தக் கலக்கலில் ஆவியாகும் கரைப்பான்கள் ஓரளவு பறந்துவிடும். ஆகவே அடிபம்பு நீரில் ஒரு எண் கிடைத்தால் பூமிக்குள் இருப்பது பெரும்பாலும் அதைவிட அதிகம். ‘முறையான கிணற்றில் எடுக்கவில்லை’ என்று அந்த முடிவுகளைத் தள்ளிவைக்கப் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லலாம். குறை இருப்பது உண்மை. அந்தக் குறை குற்றவாளிக்குச் சாதகமாக இருந்த குறை.

எண்களின் சண்டை

1990இல் போபாலில் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்துவந்த தகவல் மற்றும் செயல்பாட்டுக் குழு, மண்ணையும் நீரையும் எடுத்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மக்களுக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியது. டைகுளோரோபென்சீன் உள்ளிட்ட ரசாயனங்கள் இருப்பது தெரிந்தது. தன் தெருவின் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு பாட்டில் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. நாட்டுக்குள் ஆய்வகம் இல்லாமல் இல்லை.

அந்த ஆண்டுகளில் நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும், சுருக்கமாக நீரி, வளாகத்தை ஆய்வு செய்துகொண்டுதான் இருந்தது. அதன் 1997 அறிக்கை மண்ணில் மாசு உண்டு, நிலத்தடி நீருக்கு வந்து சேரவில்லை என்றது. அடியில் இருக்கும் களிமண்ணைத் தாண்டி நஞ்சு நீருக்கு வர 23 ஆண்டுகள் ஆகும் என்றும் ஒரு கணக்குச் சொன்னது. இதில் வேடிக்கை, யூனியன் கார்பைடு தானே அமர்த்திய அமெரிக்க ஆலோசனை நிறுவனம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. நிலைமை மோசமாக இருந்தால் 2 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம் என்றது. அந்தக் கருத்தும் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது.

நீரி விஞ்ஞானிகளின் கூடம். மத்தியப் பிரதேச அரசின் பொது சுகாதாரப் பொறியியல் துறைக்கு அந்தப் பெருமை கிடையாது. குழாய், மோட்டார் என்று வேலை பார்க்கும் துறை. ஆனால் அந்தத் துறையின் ஆய்வகம் 1996இல் சுற்றுப்புறத்து 11 ஆழ்துளைக் கிணறுகளின் நீரைச் சோதித்து, ரசாயன மாசு இருக்கிறது, அது கார்பைடு ஆலையிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டது. ஒரே நிலம், அடுத்தடுத்த ஆண்டுகள், நேரெதிர் முடிவு. மக்கள் குடித்த கிணற்றில் எடுத்தவர்களுக்கு நஞ்சு கிடைத்தது. எங்கே எடுக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

1999இல் கிரீன்பீஸ் அமைப்பின் அறிக்கை வந்தது. ஆலைக்கு அருகே ஒரு கிணற்று நீரில் கார்பன் டெட்ராகுளோரைடு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைவிட 1,705 மடங்கு. வளாகத்தில் பாதரசம். அதன்பிறகு ‘இல்லை’ என்று சொல்வது கடினமாயிற்று. 2004 மே மாதம் உச்சநீதிமன்றம் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் சுத்தமான குடிநீர் தரச் சொன்னது. தீர்ப்பு குழாயாக மாறவில்லை. லாரியில் வந்த நீரும், நிரம்பாத பிளாஸ்டிக் தொட்டிகளும்தான் வந்தன. 2006இலும் 2008இலும் முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளுமாக போபாலிலிருந்து டெல்லிவரை நடந்தார்கள். வழக்கமாக வரலாற்றில் யாத்திரை போனவர்களுக்குப் பெயர் இருக்கும். தண்ணீருக்காக நடந்த இவர்களுக்குச் சிலை இல்லை.

2009 செப்டம்பரில் அன்றைய ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வளாகத்துக்கு வந்து கழிவைக் கையில் எடுத்துக் காட்டினார். தொட்டுவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன், இருமல்கூட வரவில்லை என்ற பொருளில் பேசினார். ஒரு நிமிடம் தொடுவதும் இருபது ஆண்டு குடிப்பதும் ஒன்றா? பஸ்திப் பெண்களின் நாக்கை ஏற்காத அரசு, அமைச்சரின் உள்ளங்கையை ஆய்வகமாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தன் முடிவுகளை வெளியிட்டது. ஆலையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த நிலத்தடி நீரிலும் பூச்சிக்கொல்லியும் கரைப்பான்களும் இருந்தன. ஆலைக்குள் கிடந்த கழிவிலும் அதே பொருள்கள்.

2010இல் நீரி மறுபடி வந்தது. சுத்தப்படுத்த வேண்டிய மண் மட்டும் 11 லட்சம் டன் என்றது. ஆனால் நிலத்தடி நீர் பொதுவாக மாசடையவில்லை, ஆலையருகே சில கிணறுகளில் மட்டும்தான் என்றது. 11 லட்சம் டன் நச்சு மண்ணின்மேல் முப்பது மழைக்காலம் பெய்த மழை எங்கே போனது? பிறகு உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி லக்னோவின் இந்திய நச்சியல் ஆய்வு நிறுவனம் பஸ்தி பஸ்தியாக நீரைச் சோதித்தது. 2004 வாக்கில் பாதிக்கப்பட்டதாக ஏற்கப்பட்ட குடியிருப்புகள் 14. பிறகு 22 ஆயிற்று. 2018இல் 42. நஞ்சு எல்லை வரைந்த வரைபடத்தைப் படித்துவிட்டு நகர்வதில்லை. நாம் தேடத் தேட, அது இருக்கும் இடம் தெரிகிறது. தேடாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதப்படுகிறது.

டௌ நிறுவனம் 2001இல் யூனியன் கார்பைடை வாங்கியது. லாபத்தை வாங்கினோம், பொறுப்பை வாங்கவில்லை என்பது அதன் நிலை. நீர் மாசு குறித்த நியூயார்க் வழக்கு 2016இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இந்தியக் கிளையின் பொறுப்புக்குத் தாய் நிறுவனத்தைப் பிடிக்க முடியாது என்றது நீதிமன்றம். கூடுதல் இழப்பீடு கேட்ட ஒன்றிய அரசின் சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் நம் உச்சநீதிமன்றமும் தள்ளியது.

ஆலைக்குப் பாதி, குடிப்பவனுக்கு?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைச் சட்டம் படிக்கும் தோழர்கள் எடுத்து 21ஆம் பிரிவைப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஓர் ஆலையின் கழிவுநீரை மாதிரி எடுத்தால், ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புத் தர வேண்டும். அவர் கேட்டால் அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டிலும் முத்திரை, இருவர் கையெழுத்து. ஒரு பாதி வாரிய ஆய்வகத்துக்கு, மறு பாதி அவர் விரும்பினால் அரசு அறிவித்த வேறொரு ஆய்வகத்துக்கு. இந்த முறையைப் பின்பற்றாவிட்டால் அந்த முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படாது.

குற்றம் சாட்டப்படுபவருக்கு இந்தப் பாதுகாப்பு தேவைதான், நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் கழிவு கலந்த கிணற்றில் குடிப்பவளுக்கு அந்தப் பிரிவில் பாட்டில் இல்லை. அவள் முன்னிலையில் எடுக்க வேண்டும், அவளிடம் பாதி கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவ்தார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தபோது, ஆதிக்கச் சாதியினர் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். நீர் சுத்தமா இல்லையா என்று அறிவிக்கும் அதிகாரம் தங்களுடையது என்பதுதான் அந்தச் சடங்கின் உள்ளடக்கம். குளத்தில் இறங்கும் உரிமையை நாம் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம்வரை போய் வென்றோம். அறிவிக்கும் அதிகாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட பிறகு, அந்த நீரைக் குடித்த மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சமூகத்து இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகையும் வந்தது. எதிலிருந்து மாதிரி, யாரிடமிருந்து மாதிரி என்பதை முடிவு செய்பவர் வழக்கின் திசையையும் முடிவு செய்கிறார்.

பாதி பாட்டிலைக் கேட்டு வாங்கிய மக்கள் உண்டா? உண்டு. அவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். வடக்குக் கரோலைனா மாநிலத்தில் 1978இல் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெயைச் செலவில்லாமல் தீர்க்க நினைத்தவர்கள், இரவோடு இரவாக 240 மைல் சாலையோரம் ஊற்றிக்கொண்டே போனார்கள். அந்த மண்ணைச் சுரண்டிப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டியின் ஆஃப்டன். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த ஏழைப் பகுதி. நச்சுக் குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 50 அடி இடைவெளி வேண்டும் என்பது மத்திய விதி. அங்கே நீர் மிக அருகில் இருந்தது. விதியைத் தளர்த்தி அனுமதித்தார்கள். 1982 செப்டம்பரில் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகளை நிறுத்த முடியவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற இயக்கத்தின் பிறப்பிடமாக அந்தச் சாலை ஆயிற்று. கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதை இனத்தோடு சேர்த்துக் கணக்கெடுத்த 1987 அறிக்கை அதன் தொடர்ச்சியாக வந்தது.

நமக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. எப்போதும் உலர்ந்திருக்கும் என்று சொல்லப்பட்ட குழிக்குள் லட்சக்கணக்கான காலன் நீர் சேர்ந்திருப்பதை 1993இல் அரசு ஒப்புக்கொண்டது. இந்த முறை மக்கள் ‘ஆய்வு செய்யுங்கள்’ என்று மட்டும் கேட்கவில்லை. ஊர் மக்களும் அதிகாரிகளும் சேர்ந்த கூட்டுக் குழு வேண்டும், எங்களுக்குப் பதில் சொல்லும் அறிவியல் ஆலோசகர் வேண்டும், அவருக்கான செலவை அரசு கொடுக்க வேண்டும் என்றார்கள். பெற்றார்கள். கண்காணிப்புக் கிணறுகளைப் பற்றி அரசு விஞ்ஞானி சொன்னதை அவர்களுடைய விஞ்ஞானி குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில் அந்த மண்ணைத் தோண்டியெடுத்துச் சூடேற்றி நஞ்சு நீக்கும் வேலை 2003இல் முடிந்தது. கைதான நாளிலிருந்து 21 ஆண்டுகள்.

நம் சட்டத்தில் அப்படிப்பட்ட குழு இல்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றால் காகிதம் கேட்பது என்றே நினைக்கிறோம். அதன் 2ஆம் பிரிவில் தகவல் உரிமைக்குத் தரும் விளக்கத்தில், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறுவதும் பணிகளை நேரில் பார்வையிடுவதும் அடங்கும். இதை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது எங்கள் கருத்து. நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து எந்தக் குடிமகனும் புகார் தொடுக்கலாம். அப்போது கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள தொடர்புடைய அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும். பொதுநலனுக்கு எதிரானது என்று காரணம் சொல்லி மறுக்கவும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள், அதையும் எதிர்பார்த்தே போங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்து முடிவுரையை முதலில் படிக்காதீர்கள். கிணறுகளின் வரைபடத்தைப் பாருங்கள். நீர் ஓடும் திசை அம்புக்குறியாகப் போட்டிருக்கிறதா, அம்பு போகும் பக்கத்தில் உங்கள் தெரு இருக்கிறதா, அங்கே கிணறு போட்டார்களா? துளை எந்த ஆழத்தில்? மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா பின்பா? ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கருவி காணக்கூடிய குறைந்த அளவு எழுதியிருக்கிறதா? குடிநீர் வரம்பு 2 என்றிருக்க, கருவி 50க்குக் கீழ் பார்க்காது என்றால் அந்த ‘இல்லை’ வெறும் காகிதம். உவர்ப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் மட்டும் பார்த்துவிட்டு ஆலையில் பயன்படுத்திய ரசாயனத்தைப் பார்க்காத அறிக்கைகள் நம் ஊர்களில் ஏராளம். ஆலை எதை வாங்கியது, எதைத் தயாரித்தது என்ற பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதற்கெல்லாம் இப்போது ஒரு புதிய ஊர் காத்திருக்கிறது. 2025 ஜனவரியில் போபால் வளாகத்துக் கிடங்கிலிருந்து 337 டன் கழிவை, போலீஸ் பாதுகாப்போடு மூடிய லாரிகளில் ஏற்றி, தார் மாவட்டத்தின் பீதம்பூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே மக்கள் கடையடைத்துப் போராடினார்கள். நீதிமன்ற ஆணைப்படி ஜூன் இறுதிக்குள் எல்லாம் எரிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக் கறை நீங்கியது என்று செய்தி வந்தது. மண்ணில் கிடக்கும் 11 லட்சம் டன் அந்தச் செய்தியில் இல்லை. எரித்தால் சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் உலோகம் மிஞ்சும், அதைப் புதைத்தாக வேண்டும். புதைக்கும் இடத்தைச் சுற்றி எத்தனை கண்காணிப்புக் கிணறுகள், எந்தப் பக்கத்தில், எந்த ஆழத்தில், புதைப்பதற்கு முன்பு எடுத்த மாதிரியின் எண்கள் என்ன? முன்பு எடுத்த எண் இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து நஞ்சு கிடைக்கும்போது, அது முன்னரே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். பீதம்பூர்த் தோழர்கள் அந்த முதல் எண்ணை இப்போதே கேட்டு வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது, மாதிரி பிரிக்கப்படும் இடத்தில் தங்கள் ஆள் ஒருவரை நிறுத்திக்கொண்டு.